பின்சீட்டின் சொகுசு

உப்புக் காற்று வீசுகிற ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி. ஜன்னல் கம்பி நாலு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். சைக்கிள் அவ்வளவு கூடத் தாங்காது.

தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிப் போகும் சாலையில் பவுலின் என்பவர் வைத்திருந்த வண்டிக்கு மட்டும் பத்தொன்பது வயது. நீளமாய், தாழ்வாய், ஒரு சாய்வு நாற்காலியைப் போல நிற்கும் க்ரூசர் வண்டி. அதன் குரோம் சைலன்சரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சீவிக்கொண்டவர்கள் உண்டு. மாலை வெயில் விழும்போது உப்புக் குவியல்களெல்லாம் அதன் ஹெட்லைட் வளையத்துக்குள் வந்து சின்னதாய் உட்கார்ந்திருக்கும்.

பவுலினுக்கு முப்பத்தெட்டு வயது. பெரிய வண்டிகளுக்கு மட்டும் பட்டறை வைத்திருந்தார். பக்கத்து டயர் கடைக் கொம்பையாதான் அவரை முதலில் 'ஆசான்' என்று கேலியாகக் கூப்பிட்டது. பிறகு மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் கைகட்டி நின்றார்கள். கேலி உதிர்ந்துவிட்டது. பெயர் நின்றுவிட்டது.

அவரிடம் சீடராக வந்தவர் அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். சிவனணைந்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வரும்போதே கையில் நோட்டும் அளவு டேப்பும் இருந்தன.

"ஆசான், எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும்."

"உக்காருங்க சார்."

"குரோம் துருப்பிடிக்காம எப்படி வச்சிருக்கீங்க? அது ஒண்ணு. க்ரூசர் வண்டியில எது ரொம்பச் சொகுசு? அது ரெண்டு."

"எது முதல்ல வேணும்?"

"குரோம்."

ஆசான் எழுந்து ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிவந்தார். வண்டியின் மேல் நிதானமாக ஊற்றினார். பழைய பருத்தித் துணியால் துடைத்தார். பிறகு சைலன்சரின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மறுபடி துடைத்தார்.

சிவனணைந்தான் பேனாவைத் திறந்தார்.

"என்ன தடவுதீங்க?"

"தண்ணி."

"அதுக்கு அப்புறம்?"

"துணி."

"அதுக்கும் அப்புறம்?"

"நாளைக்குத் தண்ணி."

டயர் கடையிலிருந்து கொம்பையா குரல் கொடுத்தார். "வாத்தியாரே, தண்ணின்னு எழுதிக்கிடும். மறந்துரப் போறீரு!"

சிவனணைந்தான் எழுதவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கும் பிள்ளைக்கு வியர்வை துடைக்கிற மாதிரி அது போய் வந்தது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் போலிருந்தது அவருக்கு.

"உங்ககிட்ட வண்டி இருக்கா சார்?" என்று கேட்டார் ஆசான்.

"இருக்கு. இதே மாதிரி க்ரூசர்தான். ரெண்டு வருஷமா ஓட்டல. பத்திரமா மூடி வச்சிருக்கேன்."

"பார்ப்போம்."

வண்டி அவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நின்றது. நீலத் தார்ப்பாய் போட்டு, நைலான் கயிற்றால் ஏழு இடத்தில் முடிச்சு. ஒரு முடிச்சை அவிழ்க்க வாத்தியாருக்குப் பல் தேவைப்பட்டது.

வாத்தியார் தார்ப்பாயை விலக்கினார். சைலன்சர் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மட்கார்டு ஓரம் உப்பிப் போயிருந்தது. குரோம் சில இடங்களில் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி கழன்று நின்றது.

"ஒரு தூசி உள்ள போகாம கட்டினேனே ஆசான்!"

ஆசான் தார்ப்பாயின் உள்பக்கத்தை விரலால் வழித்தார். விரல் நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரிக்குது. இது எப்படி உள்ள வந்துச்சு சார்?"

"காத்துல இருக்கிற ஈரம். ராத்திரி குளிர்ந்து நீராகும். எட்டாம் வகுப்புப் பாடம்."

"வெளிய எப்படிப் போகும்?"

சிவனணைந்தான் ஏழு முடிச்சுகளையும் பார்த்தார்.

அப்போது அவர் மனைவி உலகம்மாள் மோர் கொண்டுவந்தார். நடையில் இடது பக்கம் ஒரு சிறு இழுப்பு இருந்தது. வண்டி திறந்து கிடப்பதைப் பார்த்ததும் நின்றார். தம்ளரை ஆசான் கையில் கொடுத்தார். புருஷனுக்குரிய தம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"இதுலதான் விழுந்தீங்களா?" என்று ஆசான் மெல்லக் கேட்டார்.

"ஆமா. முக்காணி தாண்டி ஒரு வளைவு. எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "இருபத்தோரு வருஷம் ஆசான். ஸ்கூட்டர் காலத்துலேர்ந்து. ஞாயித்துக்கிழமைன்னா வண்டியில ஏறிருவோம். மணப்பாடு, திருச்செந்தூர், எங்கயாச்சும். அவளுக்கு அது உசுரு. இப்ப வண்டின்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதா. எங்கிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். அதான், நல்ல சொகுசான வண்டியா ஒண்ணு வாங்கிட்டா மறுபடி ஏறுவான்னு..."

"ஏன் விழுந்தீங்க?"

"அவ எதிர்ப் பக்கம் சாஞ்சுட்டா. வளைவுல வண்டி உள்பக்கம் சாயும்போது பின்னால இருக்கிறவங்களும் சேர்ந்து சாயணும். இவ வெளிப்பக்கம் சாஞ்சா. பாரம் மாறிருச்சு. ஆஸ்பத்திரியில அவ அக்கா கேட்டப்போ நான் படம் போட்டே விளக்கினேன்."

"எதுல?"

"மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம்."

"இவங்க அப்ப எங்க இருந்தாங்க?"

"கட்டில்ல. காலைத் தூக்கிக் கட்டியிருந்தது."

உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. ஆசான் மோரைக் குடித்து முடித்தார்.

"சனிக்கிழமை வாங்க சார். மூணு வண்டி சர்வீசுக்கு வருது. உக்காந்து பாருங்க."

சனிக்கிழமை மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. கம்பெனிப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. கொம்பையா வைத்த பெயர்கள்தான். அகலச் சீட்டு வைத்தது யானை. கால் நீட்டி மல்லாந்து போவது படகு. ஹேண்டில் உயர்ந்து நிற்பது குதிரை.

சிவனணைந்தான் ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் உட்கார்ந்தார். டேப்பால் அளந்தார். வண்டியை நிறுத்தியபடி என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியில் பிம்பம் எவ்வளவு நடுங்குகிறதென்று பார்த்தார். தொடைமேல் அடிக்கும் சூட்டுக்குத் தனிப் பத்தி போட்டார்.

"வாத்தியார் வண்டிக்கும் பரீட்சை வச்சிட்டாரு," என்றார் கொம்பையா. "ஏ குதிரை, நீ அரியர்தான்டே."

சிவனணைந்தானுக்குச் சிரிக்க நேரமில்லை. நோட்டை ஆசானிடம் நீட்டினார்.

"படகு எண்பத்திநாலு. கால் நீட்டி உக்காரலாம், ஆனா நூறு கிலோமீட்டருக்கு மேல போனா பாரமெல்லாம் நடுமுதுகுல இறங்கும். யானை எழுபத்தெட்டு. சீட்டு மெத்தை மாதிரி இருக்கு, ஆனா ரெண்டு தொடையும் வேகுது. குதிரை எழுபத்தொண்ணு. முதுகு நிமிர்ந்து இருக்கு, தோள்தான் வலிக்கும். படகை வாங்கிரலாமா ஆசான்?"

ஆசான் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். உண்மையான வியப்போடுதான் படித்தார். இத்தனை நுணுக்கமாக யாரும் அவருக்கு வண்டியைப் பற்றி எழுதிக் காட்டியதில்லை.

"இந்த மார்க்கெல்லாம் எங்க உக்காந்து போட்டீங்க சார்?"

"சீட்டுலதான்."

"எந்தச் சீட்டுல?"

சிவனணைந்தான் படகைத் திரும்பிப் பார்த்தார். முன்சீட்டு சோபா மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால், மட்கார்டு மேல், ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு இன்னொரு சீட்டு இருந்தது. அதை அவர் அளக்கவே இல்லை.

ஆசான் தன் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"பின்னால ஏறுங்க."

உப்பளச் சாலை எட்டு கிலோமீட்டர். லாரிகள் தின்ற சாலை. ஆசான் வாயைத் திறக்கவில்லை. சிவனணைந்தானுக்கு ஆசானின் ஹெல்மெட்டும் முதுகும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பள்ளம் வந்தபோதுதான் பள்ளம் என்று தெரிந்தது. பல்லோடு பல் மோதியது. பிரேக் பிடித்தபோது மூக்கு ஹெல்மெட்டில் இடித்தது. வலது கால் தானாக, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரு வளைவு. வண்டி சட்டென்று உள்பக்கம் சாய்ந்தது. தரை பக்கத்தில் வந்தது. சிவனணைந்தானின் உடம்பு அவரைக் கேட்காமலே நிமிர்ந்து, மறுபக்கம் போயிற்று. வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. ஆசான் அதைப் பிடித்து நிறுத்தி, ஓரமாகக் கொண்டுபோய்க் காலூன்றினார்.

"சார், எந்தப் பக்கம் சாஞ்சீங்க?"

சிவனணைந்தான் சீட்டுக் கம்பியை இன்னும் விடவில்லை.

"எத்தனை மார்க்?"

"முப்பது," என்றார் சிவனணைந்தான்.

"இன்னொரு தடவை போவோம்."

அதே சாலை. இந்தத் தடவை ஆசான் தலையைக் கொஞ்சம் திருப்பி, சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

"பள்ளம் வருது சார். சின்னதுதான்."

"வேகத்தடை. ரெண்டு இருக்கு."

"லாரிக்கு வழி விடுதேன். பிரேக் பிடிப்பேன்."

"வளைவு. வலது பக்கம். என் தோளைப் பாருங்க."

சிவனணைந்தான் தோளைப் பார்த்தார். தோள் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார். வண்டி ஒரு மீன் திரும்புவதுபோலத் திரும்பியது. வளைவு முடிந்தது தெரியவில்லை.

"எத்தனை மார்க்?"

"எண்பது. எண்பத்தஞ்சு கூடப் போடலாம்."

"வண்டி அதேதான் சார்."

சிவனணைந்தான் இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். உப்பளத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"எனக்கு உங்க முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது ஆசான். வளைவு வருதுன்னே தெரியல. நானும் அதே பக்கம்தான்..."

"கிளம்புவோமா சார்?" என்றார் ஆசான்.

வீட்டில் உலகம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். சிவனணைந்தான் எதிரே உட்கார்ந்தார்.

"உலகு."

"ம்."

"அன்னைக்கு நீ சாஞ்சதால விழல. வளைவு வருதுன்னு நான் சொல்லல. அதனாலதான் விழுந்தோம். தப்பு என் மேலதான்."

கீரை உருவுகிற கை நிற்கவில்லை.

"இதைக் கண்டுபிடிக்க சாருக்கு ரெண்டு வருஷமாச்சா?"

"இன்னைக்குத்தான் பின்னால உக்காந்து போனேன்."

"யாரு ஓட்ட?"

"ஆசான் ஓட்ட."

"பயந்தீங்களா?"

"சீட்டுக் கம்பியை விடவே இல்ல. இந்தா பாரு, உள்ளங்கை."

உலகம்மாள் உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்து கோடு விழுந்திருந்தது. முகம் ஒரு கணம் இளகியது. பிறகு மறுபடி இறுகியது.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரியாததா? அக்கா முன்னால படம் போட்டீங்கல்ல? அவ முன்னால போய்ச் சொல்லுங்க."

"சரி. உடன்குடியில அக்காவுக்கு இப்பவே ஃபோன் போடுதேன்."

"படம் ஃபோன்லயா போட்டீங்க?"

சிவனணைந்தான் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

உடனே போகவில்லை. மறுநாள் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஆசான் அவரிடம் சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கிக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கச் சொன்னார். பழுப்பு கரைந்து வழிந்தது. அடியில் குரோம் வெளிச்சம் காட்டியது. பள்ளி விட்டு வந்து தினமும் தேய்த்தார். நான்காம் நாள் சைலன்சரில் அவர் முகம் தெரிந்தது. ஆனால் முகத்தின் மேல் பொடிப் பொடியாகக் குழிகள் இருந்தன.

"இந்தப் புள்ளியெல்லாம் போகாதா ஆசான்?"

"போகாது. துரு அங்க அரிச்சுத் தின்னுட்டுது."

"தெரியாம மறைக்க ஏதாச்சும் பூசலாமா?"

"மறைச்சு வச்சதுலதானே சார் வந்துச்சு."

சிவனணைந்தான் அலுமினியத் தாளைக் கீழே வைத்தார். மறுநாள் பள்ளிக்கு லீவு சொன்னார். மனைவியைக் கூட்டிக்கொண்டு உடன்குடிக்குப் பஸ் ஏறினார்.

அதற்கு அடுத்த நாள் மாலை பட்டறைக்கு வந்தபோது அவர் முகத்தில் களை இல்லை. ஆசான் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். அவங்க வீட்டுல எல்லாரும் இருந்தாங்க. அத்தனை பேர் முன்னாலயும் சொன்னேன். படம் தப்பு, நான்தான் வளைவைச் சொல்லலன்னு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"'இதைச் சொல்லவா தம்பி ரெண்டு பஸ் மாறி வந்தீங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னாங்க. கை கழுவப் போகும்போது பார்த்தா, அடுப்படியில நின்னு கண்ணைத் துடைக்காங்க."

"வீட்டம்மா?"

"எனக்கு ரெண்டாவது தடவை ரசம் ஊத்தினா."

கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆசானின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"இன்னைக்குக் காலையில கேட்டுப் பார்த்தேன் ஆசான். வண்டியைத் துடைச்சு வச்சிருக்கேன், உப்பளம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வருவோமான்னு. 'இப்ப வேண்டாம்'னுட்டா." அவர் தன் வண்டியைப் பார்த்தார். "எல்லாம் செஞ்சாச்சு. வண்டியில மட்டும் ஏற மாட்டேங்கா."

"நேத்து உடன்குடியில இருந்து எப்படித் திரும்பினீங்க?"

"பஸ்ஸுலதான். திருச்செந்தூர்ல மாறி ஏறும்போது ஒரே கூட்டம். கடைசி சீட்டுதான் கிடைச்சுது. அது சீட்டா ஆசான்? சக்கரத்துக்கு நேர் மேல. ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் தூக்கித் தூக்கிப் போடுதான். அவளுக்கு இடுப்பு என்னாகுமோன்னு எனக்கு உயிரே இல்ல. நான்தான் எட்டி எட்டி ரோட்டைப் பார்த்து, 'மேடு வருது உலகு, பிடிச்சுக்கோ'ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

"அவங்க பிடிச்சுக்கிட்டாங்களா?"

"எங்க? ஆறுமுகநேரி தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டா."

ஆசானின் துணி நின்றது.

"எங்க தூங்கினாங்க?"

"என் தோள்லதான்."

"அப்ப அந்த முக்காணி வளைவு?"

"வந்துச்சு. பஸ் ஒரு சாய் சாஞ்சுது. நான் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவ முழிக்கவே இல்ல. ஊர் வந்து நான்தான் எழுப்பினேன்."

ஆசான் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை நாளும் தன்னிடம் கேள்வி கேட்க வந்துகொண்டிருந்த அந்த மனிதரை, முதன்முறையாக ஒரு புது வண்டியைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனையோ பெரிய வண்டி என் கை வழியாப் போயிருக்கு சார். பின்னால உக்காந்தவங்க தூங்கின வண்டின்னு ஒண்ணை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."